காலையில் கறந்தது

நியூக்ளியர் மெடிசின் துறையில் வேலை செய்பவர்களுக்குக் காலையில் முதல் வேலை பசுவைக் கறப்பது. உலகம் முழுக்க அவர்கள் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். நம்மூரிலும் ‘ஜெனரேட்டரை மில்க் பண்ணியாச்சா’ என்ற பேச்சைக் கேட்கலாம். பசு என்பது அந்த ஜெனரேட்டர்தான், ஓர் ஈய உருளை. பார்த்தால் சின்னதாக இருக்கும். தூக்கினால்தான் எடை தெரியும். அதன் நடுவே ஒரு சிறிய குழாய், குழாய்க்குள் வெள்ளை அலுமினாத் தூள், தூளைப் பற்றிக்கொண்டு மாலிப்டினம்-99. மேலே இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றில் சலைன் குப்பியைச் செருகுகிறார்கள். இன்னொன்றில், ஈயக் கூட்டுக்குள் வைத்த, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட காலிக் குப்பி. வெற்றிடம் இழுக்க, சலைன் தூள் வழியே இறங்கிக் காலிக் குப்பிக்கு வந்து சேர்கிறது. சில நிமிட வேலை. கிடைத்தது பார்வைக்கு வெறும் தண்ணீர். நிறமில்லை, மணமில்லை.

அந்தத் தண்ணீரில் கரைந்திருப்பது டெக்னீசியம்-99எம். அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். காலை 7 மணிக்குக் கறந்ததில் பகல் 1 மணிக்குப் பாதி, இரவு 7 மணிக்குக் கால், மறுநாள் காலை 7 மணிக்குப் பதினாறில் ஒரு பங்கு. ஃபிரிட்ஜில் வைத்தாலும் அடுப்பில் வைத்தாலும் வேகம் கூடாது, குறையாது. (ஒரே ஒரு சின்ன விலக்கு உண்டு. பிறகு சொல்கிறேன்.) ஸ்கேனுக்காக உடம்பில் ஏற்றும் மருந்து, வாங்கி அடுக்கி வைக்க முடியாத மருந்து இது. பதுக்கல்காரனுக்கு உதவாத சரக்கு உலகத்தில் சொற்பம், அதில் ஒன்று.

உள்ளே நடப்பது அழகான காரியம். மாலிப்டினம்-99-க்கு அரை ஆயுட்காலம் 66 மணி நேரம். அதன் அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி ஓர் எலக்ட்ரானை வெளியே விரட்டுகிறது. 42-ஆம் தனிமம் 43-ஆம் தனிமமாகிவிடுகிறது. அதுவரை அந்த அணு, ஆக்சிஜன்களோடு கூடி இரண்டு எதிர்மின்னூட்டம் கொண்ட மாலிப்டேட்டாக அலுமினாவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது அது ஒரே ஒரு எதிர்மின்னூட்டம் கொண்ட பெர்டெக்னிடேட். பிடி தளர்ந்துவிடுகிறது. சலைனில் இருக்கும் குளோரைடு வந்து தள்ளினால் கீழே இறங்கிவிடும். தாய் தூளிலேயே தங்க, பிள்ளை மட்டும் வெளியே வருகிறது. கறந்த பிறகு மறுபடி ஊற ஆரம்பிக்கும். சுமார் 23 மணி நேரத்தில் உச்சத்தை எட்டும். தினம் காலையில் ஒருமுறை என்று இயற்கையே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஆனால் தாயும் இளைத்துக்கொண்டேதான் வருகிறாள். திங்கட்கிழமை 100 கிடைத்தால் வெள்ளிக்கிழமை 36.

கறந்ததும் நேரே ஊசியில் ஏற்றிவிட மாட்டார்கள். மாலிப்டினம் கசிந்து வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். குப்பியை ஓர் ஈயச் சிமிழுக்குள் போட்டு அளவுமானியில் வைக்கிறார்கள். டெக்னீசியம் தரும் காமாக் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஈயத்தைத் தாண்ட முடியாது. மாலிப்டினத்தினுடையது 740, தாண்டிவிடும். ஆக, சிமிழை மீறி வெளியே எட்டிப் பார்ப்பது எதுவோ அது வேண்டாத சரக்கு. ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரிக்கு மேல் மாலிப்டினம் இருந்தால் அன்றைய கறவை வீண்.

நம் நாட்டில் ரொம்ப காலம் வேறு வழியிலும் டெக்னீசியத்தைப் பிரித்தார்கள். டிராம்பே அணு உலைகளில், சாதாரண மாலிப்டினத்தை நியூட்ரான்களுக்கு முன்னால் வைத்துக் கதிரியக்கமாக்கி எடுத்தார்கள். அதில் கதிரியக்கமில்லாத மாலிப்டினம்தான் பெரும்பங்கு. அவ்வளவையும் சின்னக் குழாய்த் தூள் தாங்காது. அதனால் கரைசலாகவே ஆஸ்பத்திரிக்கு வரும். அங்கே மெதில் எதில் கீட்டோனோடு கலந்து குலுக்குவார்கள். டெக்னீசியம் மட்டும் கரைப்பானோடு மேலே போய்விடும். கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, அடியில் மிஞ்சுவதைச் சலைனில் எடுத்துக்கொள்வார்கள். கையும் கண்ணும் பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. ரெடிமேட் ஜெனரேட்டர் வந்தபின் அந்தக் கைப்பழக்கத்துக்கு மவுசு குறைந்துவிட்டது.

*

தனிம அட்டவணையில் டெக்னீசியத்துக்கான 43-ஆம் கட்டம் ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது. மெண்டலீவ் தன் அட்டவணையில் மாங்கனீசுக்குக் கீழே இடம் விட்டுவிட்டுப் போனார். கண்டுபிடித்துவிட்டேன் என்று பலர் சொன்னார்கள். ஜப்பானின் மசாடகா ஒகாவா 1908-ல் ‘நிப்போனியம்’ என்று பெயரே வைத்துவிட்டார். அது ரீனியம் என்று பிற்பாடு தெரிந்தது. 1925-ல் ஜெர்மனியில் நோடாக், டாக்கே, பெர்க் மூவரும் ‘மசூரியம்’ என்றார்கள், அதுவும் நிற்கவில்லை. தேடியவர்கள் மேல் தப்பில்லை. 43-ஆம் தனிமத்துக்கு நிலையான ஐசோடோப் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதிலேயே நீண்ட ஆயுள் கொண்டதற்கு அரை ஆயுட்காலம் 42 லட்சம் ஆண்டு. பூமிக்கு வயது 450 கோடி ஆண்டு. பூமி உருவானபோது இருந்தது எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. யுரேனியத் தாதுவில் தானாகப் பிளக்கும் அணுக்களால் ஏதோ பேருக்குக் கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

1936 கோடையில் இத்தாலிய இயற்பியலாளர் எமீலியோ செக்ரே பெர்க்லிக்குப் போய் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானைப் பார்த்தார். தேய்ந்து கழித்துப் போட்ட அதன் பாகங்களைக் கேட்டு வாங்கினார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் லாரன்ஸ் ஒரு மாலிப்டினத் தகட்டைத் தபாலில் அனுப்பி வைத்தார். சைக்ளோட்ரானுக்குள் மாதக் கணக்கில் டியூட்டிரான் அடி வாங்கிய தகடு. சிசிலியின் பலெர்மோ பல்கலைக்கழகத்தில் செக்ரேயும், கனிமவியல் பேராசிரியர் கார்லோ பெர்ரியேவும் உட்கார்ந்து அதைக் கரைத்து, பிரித்து, பார்த்தார்கள். கதிரியக்கம் எந்தத் தெரிந்த தனிமத்தோடும் ஒட்டவில்லை. மனிதன் செய்து அடையாளம் கண்ட முதல் தனிமம். பெயர் வைக்க அவர்கள் அவசரப்படவில்லை. டெக்னீசியம் என்ற பெயர் 1947-ல்தான் வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. கடல் தாண்டித் தபாலில் வருவதற்குள் குறுகிய ஆயுள் கொண்ட ஐசோடோப்புகள் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் அவை பிறக்கும் இடத்துக்கே போக வேண்டும். 1938 கோடையில் செக்ரே மறுபடி பெர்க்லிக்குக் கிளம்பினார். போன இடத்தில் செய்தி வந்தது: முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்துவிட்டது. செக்ரே யூதர். பலெர்மோ வேலை போயிற்று. திரும்ப வழியில்லை. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்ததும் லாரன்ஸ் மாதச் சம்பளத்தை 300 டாலரிலிருந்து 116 டாலராகக் குறைத்துவிட்டார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய கை அது. அந்த நாட்களில்தான் செக்ரேயும் கிளென் சீபோர்க்கும் சேர்ந்து 6 மணி நேரம் வாழும் டெக்னீசியம்-99எம்-ஐக் கண்டார்கள். செக்ரேயின் தாய் 1943-ல் நாஜிகளிடம் சிக்கி மாண்டார். ஊரில் இருந்திருந்தால் மகனுக்கும் அதே கதி நேர்ந்திருக்கலாம். சீக்கிரம் மறையும் ஒரு பொருளைத் துரத்திக்கொண்டு போனதால் ஒருவர் பிழைத்தார்.

அதற்குப் பிறகு இருபது வருடம் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. 1950-களின் இறுதியில் நியூயார்க் லாங் ஐலண்டில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் வேறொரு ஐசோடோப்பைச் சுத்தப்படுத்தப் போய், அதில் கலந்து வந்த அழுக்கு டெக்னீசியம்-99எம் என்று கண்டுகொண்டார்கள். மாலிப்டினத்திலிருந்து அதைக் கறக்கும் ஜெனரேட்டர் அப்படிப் பிறந்தது. காப்புரிமைக்குக் கேட்டபோது, இதற்குச் சந்தை இருப்பதாகத் தெரியவில்லை என்று மேலிடம் கைவிட்டுவிட்டது. பவல் ரிச்சர்ட்ஸ் என்பவர்தான் 1960 முதல் மருத்துவர்களிடம் இதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். சிகாகோவில் பால் ஹார்ப்பர் என்ற அறுவை மருத்துவரும் காத்தரின் லேத்ராப்பும் அதைக் கையில் எடுத்து நோயாளிகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். இன்று உலகில் ஆண்டுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்ட ஸ்கேன்கள் இதை நம்பி நடக்கின்றன. சந்தை தெரியாத கோப்புகள் எல்லா நாட்டு அலுவலகங்களிலும் இருக்கும் போலிருக்கிறது.

*

சில வருடங்களுக்கு முன் என் அத்தைக்கு எலும்பு ஸ்கேன் எடுக்கக் கூடப் போயிருந்தேன். மார்பில் கட்டி எடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இடுப்பில் தீராத வலி. ஊசி போட்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சிரிஞ்சைச் சுற்றி கனத்த டங்ஸ்டன் உறை, ஜன்னல் மாதிரி ஓரத்தில் கண்ணாடி.

“நிறைய தண்ணி குடிங்கம்மா. அடிக்கடி பாத்ரூம் போங்க. மூணு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுறேன்” என்றாள்.

“வீட்டுல பேத்தி இருக்குதும்மா. ஒன்றரை வயசு. தூக்கலாமா?”

“இன்னைக்கு மட்டும் வேண்டாம்மா. நாளைக்குக் காலைல தாராளமாத் தூக்குங்க.”

அத்தைக்கு அந்தப் பதில் திருப்தியளிக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏம்பா, அதென்ன நாளைக்குக் காலைல சரியாயிடும்? உள்ள போன மருந்து எங்க போகும்? எவ்வளவுதான் ஏத்தினாங்க?”

கணக்குப் போட்டுச் சொன்னேன். பெரியவர்களுக்கு வழக்கமாக 20 மில்லிகியூரி. நொடிக்கு 74 கோடி அணுக்கள் சிதையும் அளவு. கேட்க மலைப்பாக இருக்கும். எடையில் அது 4 நானோகிராம்கூட வராது. ஒரு கிராமை 26 கோடிப் பங்காகப் போட்டால் ஒரு பங்கு. இவ்வளவு கொஞ்சத்திலிருந்து இவ்வளவு வெளிச்சம் வருவதே அதன் ஆயுள் குறைவு என்பதால்தான். அதே எண்ணிக்கை அணுக்களுக்கு ஆயிரம் வருட ஆயுள் இருந்தால் கேமராவுக்கு எதுவுமே தெரியாது. தெரிய வேண்டுமென்று அதிகம் ஏற்றினால் ஆளுக்கு ஆகாது. சீக்கிரம் போவதுதான் இதன் தகுதி. ரொம்பச் சீக்கிரமும் கூடாது. எலும்பில் போய் உட்காரவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறதே.

அத்தை கணக்கைக் கேட்டுக்கொண்டார். “அப்ப நாளைக்கு எவ்வளவு இருக்கும்?” பதினாறில் ஒன்று என்றேன், சிறுநீரில் போனதைக் கழித்தால் அதைவிடவும் குறைவு. “சரி, நாளன்னிக்குத் தூக்கிக்கிறேன்” என்றார். பேத்தி விஷயத்தில் விஞ்ஞானத்துக்கு மேல் ஒரு நாள் சேர்த்துக்கொண்டார்.

ஸ்கேனில் எலும்புக்கூடு வெள்ளையில் கறுப்பாக வந்தது. இடது முழங்காலிலும் இடுப்புக்கு மேல் முதுகெலும்பிலும் கறுப்பு கூடியிருந்தது. தேய்மானம் என்றார் டாக்டர். எலும்பு எங்கே தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறதோ அங்கெல்லாம் ஊசியில் இருந்த பாஸ்பொனேட் மருந்து போய்ச் சேரும். அதன் முதுகில் டெக்னீசியம் ஏறிக்கொண்டு போகும். புற்றையும் தேய்மானத்தையும் பிரித்துச் சொல்வது படத்தின் வேலை இல்லை, பார்ப்பவரின் வேலை.

*

நிலையாமை பற்றி நம் மொழியில் எழுதாதவர் இல்லை. வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். நமக்குப் பழக்கமான நிலையாமை என்பது முதுமையும் நோயும் சேர்ந்தது. நரை விழும், பல் ஆடும், கை கோல் ஊன்றும், பிறகு உயிர் போகும். சாவுக்கு முன்னறிவிப்பு உண்டு என்பதில்தான் அந்த அறிவுரைகள் பலவும் நிற்கின்றன.

டெக்னீசியம் அணுவுக்கு மூப்பு கிடையாது. இந்த நிமிடம் பிறந்த அணுவையும், இரண்டு நாளாகச் சிதையாமல் தப்பி நிற்கும் அணுவையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசமும் சொல்ல முடியாது. அடுத்த 6 மணி நேரத்தில் சிதைய இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. இவ்வளவு நேரம் தாங்கியதற்குச் சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை. ரூதர்ஃபோர்டு 1900-ல் மாண்ட்ரியாலில் தோரியத்திலிருந்து வரும் வாயு நிமிடத்துக்கு நிமிடம் பாதியாகக் குறைவதை அளந்தபோது அரை ஆயுட்காலம் என்ற கணக்கு பிறந்தது. 1905-ல் ஆஸ்திரியாவின் ஷ்வைட்லர் அது வெறும் நிகழ்தகவின் விளைவு என்று காட்டினார். எந்த அணு எப்போது என்பதற்குக் காரணம் கிடையாது. கூட்டம் மட்டும் சொல்லிவைத்தாற்போல் ஒழுங்காகக் குறையும். விதி என்பவர்களுக்கும் தற்செயல் என்பவர்களுக்கும் இதில் ஆளுக்குப் பாதி கிடைக்கும்.

நம் அறநூல்களின் வாதத்தை இங்கே பொருத்திப் பார்த்தால் பொருந்தவில்லை. ஆனால் மூப்பில்லாத மறைவு என்பது நமக்கு முற்றிலும் அந்நியமானதும் இல்லை. விபத்து, வெள்ளம், குண்டு என்று வரும் சாவுகளுக்கு வயதுக் கணக்கு கிடையாது. அவற்றுக்குக் காரணம் தேடித்தான் ஆகவேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். அணுவிடம் அந்தத் தேடல் நின்றுவிடுகிறது. எனக்கு இதில் ஆறுதல் எதுவும் கிடைத்ததில்லை. ஆச்சரியம் மட்டும் குறையவில்லை.

அடுப்பில் வைத்தாலும் சிதையும் வேகம் மாறாது என்றபோது சொல்லிவைத்த அந்த விலக்குக்கு வருகிறேன். பொதுவாக அணுக்கரு கிளர்ந்த நிலையிலிருந்து தணிவதற்கு ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குகூட எடுத்துக்கொள்ளாது. கிளர்ந்த நிலையில் நிற்கும் (‘எம்’ என்பது அதைத்தான் குறிக்கிறது) டெக்னீசியம்-99எம் மட்டும் ஏன் 6 மணி நேரம் தயங்குகிறது? மேல்நிலைக்கும் அடிநிலைக்கும் தற்சுழற்சியில் பெரிய வேறுபாடு; நேரே இறங்குவது கடினம். அதனால் முதலில் மிகச் சின்னப் படி ஒன்று இறங்குகிறது, வெறும் 2.17 கிலோ எலக்ட்ரான் வோல்ட். பிறகு 140.5-ஐக் காமாக் கதிராக வீசித் தணிகிறது. அந்தச் சின்னப் படியின் ஆற்றல் கதிராக வெளியே வருவது அபூர்வம். அணுவின் வெளிப்புற எலக்ட்ரான் ஒன்றிடம் போய்ச் சேர்ந்து அதை விரட்டிவிடுகிறது. வெளிப்புற எலக்ட்ரான் என்றால் அது வேதியியலின் ஆட்சி எல்லை. ஆகவே அணு எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பது அணுக்கருவின் ஆயுளைத் தொட வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் பெயின்பிரிட்ஜ், கோல்ட்ஹேபர், வில்சன் மூவரும் அளந்தார்கள். பெர்டெக்னிடேட்டாக இருக்கும்போதும் சல்பைடாக இருக்கும்போதும் சிதையும் வேகம் 0.27 சதவீதம் வேறுபட்டது. 6 மணி நேரத்தில் சுமார் ஒரு நிமிடம்! கென்னத் பெயின்பிரிட்ஜ் 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டுச் சோதனையை முன்னின்று நடத்தியவர். ஆறே ஆண்டில் அந்த மனிதர் ஒரு நிமிட வித்தியாசத்தை உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

*

ஆறு மணி நேரப் பொருளுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு அசாதாரணமானது. உலகின் பெரும்பங்கு மாலிப்டினம்-99, யுரேனியம்-235 பிளவிலிருந்து வருகிறது. நூறு பிளவுக்கு ஆறு. அணு உலையில் யுரேனியத் தகட்டைச் சில நாள் வைத்து, எடுத்து, ஆறவைத்து, கரைத்து, பிரித்து, விமானத்தில் ஏற்றி, ஜெனரேட்டரில் நிரப்பி, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வழி நெடுக ஒரு மணி நேரத்துக்கு ஒரு சதவீதம் கரைந்துகொண்டே வரும். இதை விற்கும் அளவே விசித்திரமானது: ‘ஆறு நாள் கியூரி’. இன்று கிளம்பும்போது இருப்பதற்கு விலை இல்லை. ஆறு நாள் கழித்து மிஞ்சப்போவதற்குத்தான் விலை. ஒரு கியூரிக்குக் காசு வாங்க நாலரைக் கியூரி அனுப்ப வேண்டும். போகப்போவதைக் கழித்துவிட்டு இருக்கப்போவதற்குப் பில் போடும் வியாபாரம்.

இதைச் செய்த உலைகள் மிகக் குறைவு, பெரும்பாலானவை கிழடு. நெதர்லாந்தின் பெட்டனிலும் பெல்ஜியத்தின் மோலிலும் இருப்பவை 1961-ல் தொடங்கியவை. கனடாவின் சாக் ரிவரில் இருந்த என்.ஆர்.யு. உலை 1957-ல் தொடங்கியது; உலகத் தேவையில் மூன்றில் ஒரு பங்கை அது ஒன்றே கொடுத்தது. 2007 நவம்பரில் பராமரிப்புக்காக நிறுத்தியபோது, குளிர்விப்புப் பம்புகளுக்கு நிலநடுக்கம் தாங்கும் மாற்று மின்சாரம் இணைக்கப்படவில்லை என்பது வெளியே வந்தது. இணைக்காமல் ஓட்டக்கூடாது என்றது அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம். ஸ்கேன்கள் தள்ளிப்போயின. டிசம்பரில் கனடா நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு உலையை ஓட்ட வைத்தது. ஜனவரியில் ஆணையத் தலைவர் லிண்டா கீன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இரண்டு பக்கமும் உயிர்தான். இருந்தாலும் என் ஓட்டு கீனுக்கு. உலை ஒன்று அத்தியாவசியமாகிவிட்டால் அதன் விதிகளைத் தளர்த்துவதல்ல, இன்னொரு உலை கட்டுவதுதான் வழி.

இன்னொன்று கட்டாமல் இல்லை. இதற்கென்றே இரண்டு மேப்பிள் உலைகள் சாக் ரிவரில் கட்டி முடித்திருந்தார்கள். சக்தி கூடினால் அணுவினை தானாகத் தணிய வேண்டும் என்பது வடிவமைப்புக் கணக்கு. ஓட்டிப் பார்த்தபோது கூடியது. காரணம் பிடிபடவில்லை. 2008 மே மாதம் திட்டத்தைக் கைகழுவினார்கள். மறுவருடம் மே மாதம் பழைய உலையிலேயே கனநீர் கசிந்தது. பதினைந்து மாதம் மூடிக்கிடந்தது. அதே சமயம் 2010-ல் பெட்டன் உலையும் பழுதுக்காகப் படுத்தது. இதய ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரிகள் பழைய தாலியம்-201-க்குத் திரும்பின. படம் மங்கல், உடம்புக்குக் கதிர்வீச்சு அதிகம். என்.ஆர்.யு. 2018 மார்ச் 31-ல் நிரந்தரமாக மூடப்பட்டது. 2024 அக்டோபரில் பெட்டனில் ஒரு குழாய் உருக்குலைந்ததாகத் தெரிந்து, உலையைத் தொடங்குவது தள்ளிப்போனபோது மறுபடி தட்டுப்பாடு.

இதெல்லாம் ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் அணுசக்தி முகமை 2010-லேயே சொல்லிவிட்டது: விலை பொய்யான விலை. உலையைக் கட்டியது அரசு, ஆராய்ச்சிக்கென்று. ஐசோடோப் அதன் உபதொழில். கட்டிய செலவும் கழிவைப் பார்த்துக்கொள்ளும் செலவும் கணக்கில் வரவே இல்லை. மலிவாகக் கிடைத்ததால் யாரும் புதிதாக முதல் போடவில்லை. இந்தியாவில் மருத்துவ ஐசோடோப்புகளுக்காகத் தனியார் பங்கேற்போடு ஓர் ஆராய்ச்சி உலை கட்டப்படும் என்று 2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். கொரோனாக் கால அறிவிப்புகளின் நெரிசலில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. சேமிக்க முடியாத ஒன்றுக்குக் கையிருப்பு என்பது அதைச் செய்யும் திறன்தான். அந்தத் திறன் நமக்கு இன்னும் போதாது என்பது என் கட்சி.

*

ஒளி வீசி முடித்த டெக்னீசியம்-99எம் மறைந்துபோவதில்லை, ‘எம்’-ஐ மட்டும் இழக்கிறது. மிஞ்சும் டெக்னீசியம்-99-க்கு அரை ஆயுட்காலம் 2,11,000 ஆண்டு. அத்தைக்கு ஏற்றிய டெக்னீசியம்-99எம் எல்லாம் அப்படி மாறினாலும் நொடிக்கு இரண்டு மூன்று சிதைவுதான் நடக்கும். நம் உடம்பில் பிறவியிலேயே இருக்கும் பொட்டாசியம் நொடிக்கு நாலாயிரம் முறை அதைச் செய்துகொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இது பொருட்டே இல்லை. அணுக்கழிவுக் கிடங்கில் கதை வேறு: அங்கே இது டன் கணக்கில் இருக்கிறது, தண்ணீரோடு எளிதில் நகர்கிறது, லட்சம் ஆண்டுக்குக் காவல் கேட்கிறது. 1990-களில் இங்கிலாந்தின் செல்லாஃபீல்டிலிருந்து கடலில் விட்டது ஐரிஷ் கடல் சிங்கி இறால்களில் தெரிந்தது. இதே தனிமம் வானத்திலும் தென்பட்டது. 1952-ல் வானியலாளர் பால் மெரில் சில சிவப்பு நட்சத்திரங்களின் ஒளியில் டெக்னீசியத்தின் கோடுகளைப் பார்த்தார். அந்த நட்சத்திரங்களின் வயதுக்கு அது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். இருக்கிறதென்றால் இப்போதும் அங்கே உருவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தனிமங்கள் நட்சத்திரங்களுக்குள் சமைகின்றன என்பதற்குக் கிடைத்த முதல் நேர்ச் சாட்சி அது.

கடைசியாக, வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நியூக்ளியர் ஸ்கேன் என்று 9 மணிக்கு நேரம் கொடுத்திருந்தால் 9 மணிக்குப் போய்விடுங்கள். உங்கள் பெயரில் அளந்து வைத்த ஊசி 3 மணிக்குப் பாதிதான் இருக்கும். வர முடியாதென்றால் முந்தின நாளே போன் செய்து சொல்லுங்கள். காத்திருக்கும் வேறொருவருக்கு அது போகும்.